கொம்பனிக்காக வாதாடியவன்

எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டின் டீவி அலுமாரிக்குள் நான் வாங்கி வந்த வீடியோ கேம் பெட்டி அடங்கவில்லை. நிமிர்த்தி வைத்தால் மேல்தட்டில் இடித்தது. படுக்க வைத்தால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் அலுமாரியின் பின்பலகையைக் கழற்றிவிட்டு ஒருமாதிரிச் செருகினேன். என் மனைவி கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, வீட்டுக்குப் பெட்டி வாங்கினீங்களோ, பெட்டிக்கு வீடு வாங்கினீங்களோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

வேலையால் வந்து, லிஃப்ட் பழுதென்று படியேறி, உடுப்புக்கூட மாற்றாமல் பலகை கழற்றிய மாலை அது. அப்படியே தரையில் இருந்துகொண்டு என் கூட்டாளிக்குப் போன் எடுத்தேன்.

அவன் கொட்டாஞ்சேனைக்காரன். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். அவன் பிரிண்டரும் போட்டோக்கொப்பி மெஷினும் விற்கும் ஒரு கடையில் விற்பனைப் பொறுப்பாளர். நான் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கொள்கலனுக்குள் எந்தப் பெட்டி எத்தனை போகும் என்று பார்த்தே பாதித் தலை நரைத்துவிட்டது. ஆகவே பெட்டியின் அளவைக் கண்டதும் எனக்கு வயிறெரிந்தது.

"இதைக் கீறினவன் கப்பலைக் கண்ணால கண்டிருப்பானோ? கொள்கலனுக்குள்ள பாதி காத்தைத்தான் ஏத்தி அனுப்புறான். பெரிய பெரிய ஹோல் வச்ச வீட்டு ஆக்களை நினைச்சுச் செய்திருக்கிறான். வெள்ளவத்தை ஃப்ளாட்டை நினைச்சே பாக்கேல்ல."

"மச்சான், பெருசா இருந்தாத்தான் சூடேறாது. சூடேறினா பழுதாகும், பழுதானா ஒருத்தனும் கேம் வாங்க மாட்டான். அவனுக்குப் பெட்டியில லாபமில்லடா, கேம்லதான். நான் பிரிண்டர மலிவா குடுத்துட்டு அதுக்குப் போடுற டோனர் மையில உழைக்கிறேன் தானே? அதே கணக்குத்தான்."

இந்த டோனர் கதையை அவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. பெட்டியைச் செய்யும் அந்தக் கொம்பனி எதைச் செய்தாலும் அவனுக்கு அது டோனரில்தான் போய் முடியும். அவன் எப்போதும் கொம்பனிக்காக வாதாடுபவன், நான் எப்போதும் திட்டுபவன். இப்படிப் பக்கம் பிரித்துக் கொடுத்தது யார் என்று ஞாபகமில்லை. கன்ட்ரோலரின் குமிழ் தானாக நகரத் தொடங்கினால் நான் திட்டுவேன், அவன் கடற்காற்றைக் குற்றம் சொல்வான். இணையத்தில் மற்றவரோடு சேர்ந்து விளையாடுவதற்கு மாதச் சந்தா கேட்டால் நான் பகற்கொள்ளை என்பேன், அவன் பராமரிப்புச் செலவு என்பான். வெளிவந்து சில வருடங்கள் ஆன பெட்டிக்குக் கொம்பனி திடீரென்று விலையைக் கூட்டியபோது இருவரும் பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசையில் நின்றோம், நான் பம்பலப்பிட்டியில், அவன் ஆமர் வீதியில். பழசாகப் பழசாக விலை ஏறும் சாமானை உலகத்தில் எங்கேயாவது கண்டாயா என்று நான் போனில் கேட்டேன். "இப்ப நாம நிக்கிற லைன்ல என்ன விக்கிறாங்க மச்சான்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அந்த வருடத்தில் நான் சிரித்ததாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

இருவரிடமும் இருந்தது டிஸ்க் போடும் பெட்டி. ஒருவன் ஒரு கேம் வாங்கினால் மற்றவன் அதை வாங்குவதில்லை. முடித்துவிட்டு மாற்றிக்கொள்வோம். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். டிஸ்க்கை யாரிடமும் கொடுத்து அனுப்பக் கூடாது, கையில் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஓட்டோவில் அனுப்பிய டிஸ்க் கீறல் விழுந்து வந்ததால் உண்டான சட்டம். ஒரு ஞாயிறு அவன் வெள்ளவத்தைக்கு வருவான், அடுத்த முறை நான் மட்டக்குளி பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அவன் வரும் நாட்களில் காலி வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பிளேன்டீயும் வடையும் வைத்துக்கொண்டு கொம்பனியைப் பிரித்து மேய்வோம்.

உள்ளதைச் சொன்னால், எங்கள் வீட்டுச் செய்திகள் எல்லாம் இந்த வாதத்தின் இடைவெளிகளில்தான் கைமாறின. அவனுடைய அப்பாவுக்கு டயலிசிஸ் தொடங்கியதை, புதிய கன்ட்ரோலரின் பட்டரி போதாது என்று நான் சொல்லி முடித்த கையோடுதான் சொன்னான். என் மனைவியின் ஒப்பரேஷனை நானும் அப்படித்தான் சொன்னேன். நேராக உட்கார்ந்து துக்கம் கதைக்க இருவருக்கும் வராது. மற்றக் கூட்டாளிகள் எல்லாம் ஒவ்வொருவராக வெளிநாடு போய், வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் கேக் படங்களாக மாறிவிட்டார்கள். மிஞ்சியது அவன் ஒருவன்தான். எனக்கு அவன் தேவைப்பட்டான். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வடைக்கடைக்குப் பக்கத்துச் சந்தைக் கட்டடத்தில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் பழைய டிஸ்க் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். ஞாயிறுகளில் அங்கேயும் எட்டிப் பார்ப்போம். நாங்கள் உள்ளே வந்தால் அவர் ஃபேனைக் குறைத்துவிடுவார், சண்டை நன்றாகக் கேட்கட்டும் என்று. என்னை 'ஏசுற ஆள்' என்றும் அவனை 'கொம்பனி வக்கீல்' என்றும்தான் கூப்பிடுவார். கொஞ்சக் காலமாகக் கடையில் டிஸ்க் தட்டுகள் குறைந்து, போன் கவர்கள் கூடிக்கொண்டு வந்தன.

"இப்ப ஆரு டிஸ்க் கேக்குற? எல்லாம் டவுன்லோட் தானே," என்பார் நானா. அவர் குரலில் கோபம்கூட இருக்காது.

கொம்பனி, டிஸ்க் போடும் வாயே இல்லாத பெட்டியை முன்னுக்குத் தள்ளத் தொடங்கியபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காசு கொடுத்து வாங்கிய சாமானைக் கூட்டாளிக்கு இரவல் கொடுக்க முடியாவிட்டால் அது எப்படி என்னுடைய சாமான் ஆகும்? அவன் வழக்கம்போல ஆரம்பித்தான். டிஸ்க் அடிக்கிற செலவு, கடைக்காரன் கமிஷன், பழைய டிஸ்க் கைமாறினால் கொம்பனிக்கு ஒரு சதமும் வராதது. "டோனரை மத்தவனுக்கு இரவல் குடுக்க விட்டா நான் என்னத்த விக்கிற?" என்றான்.

ஒன்று மட்டும் இருவருமே சரியாகப் பேசித் தீர்க்காத விஷயம். அந்தப் பெட்டியை உபயோகிக்க எக்கவுண்ட் திறக்க வேண்டும். திறக்கும்போது நாட்டைக் கேட்கும். அந்தப் பட்டியலில் எங்கள் நாடு இல்லை. அதற்காக எங்கள் ஆட்களில் ஒருவரும் மண்டையைப் போட்டு உடைத்தது கிடையாது. வெளிநாட்டு விலாசத்துக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? நான் லண்டனில் இருக்கும் பெரியப்பா மகனின் விலாசத்தைப் போட்டேன். அவன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் விலாசத்தைப் போட்டான். அவள் அங்கிருந்து அனுப்பும் பரிசு அட்டைகளை வைத்து டிஸ்க்கில் வராத சின்னச் சின்ன கேம்களை வாங்குவான். வெள்ளவத்தை, பாமன்கடை முழுக்க இப்படித்தான். கொம்பனியின் கணக்கில் இந்தப் பக்கம் ஒரு மனிதரும் குடியில்லை, எல்லாரும் பனி கொட்டும் தெருக்களில் இருக்கிறோம்.

பின்பு ஒரு ஞாயிறு அவன் வடைக்கடைக்கு வந்தான். வழக்கமாக ஒரு டிஸ்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருபவன், அன்று ஒரு துணிப்பையோடு வந்தான். என்னிடமிருந்து வாங்கியவை எல்லாம் அதற்குள் இருந்தன. மறந்தே போன ஒரு பழைய கார் ரேஸ்கூட இருந்தது.

"பெட்டிய விக்கப்போறேன் மச்சான். இனி வாங்கினா டிஸ்க் இல்லாததுதான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. அவனை வாய் திறக்கவிடாமல் பேசத் தொடங்கினேன். சோம்பேறிகளுக்காகச் செய்த பெட்டி என்றேன். நாளைக்குக் கொம்பனி கடையை மூடினால் கையில் காற்றுத்தான் மிஞ்சும் என்றேன். நானாவின் கடையைப் பார், உன்னைப் போல ஆட்களால்தான் அந்த மனிதன் போன் கவர் விற்கிறான் என்றுகூடச் சொன்னேன். கொம்பனியைத் திட்டுகிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் டிஸ்க் இல்லையென்றால் இவன் எதற்காக இனி பஸ் ஏறி இவ்வளவு தூரம் வரப்போகிறான் என்ற பயத்தில்தான் நான் கத்திக்கொண்டிருந்தேன். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

அவன் வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான், சாப்பிடவில்லை. வழக்கமான டோனர் கதை வரவில்லை.

"எக்கவுண்ட்ல நாட்ட மாத்தலாமா?" என்று கேட்டான்.

"ஏலாது. ஒருக்காப் போட்டா போட்டதுதான். புதுசாத் திறக்க வேணும். வாங்கினது, விளையாடிச் சேத்து வச்சது எல்லாம் பழசிலயே கிடக்கும். மனுசர் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போவினம் எண்டு யோசிக்காத மடையன் ஒருத்தன்தான் இப்பிடிச் செய்வான்."

"ஓம் மச்சான்," என்றான். "நீ சொல்றது சரி. மடையனுங்கதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து இன்றுவரை அவன் வாயால் அப்படி ஒன்று வந்ததில்லை. நாட்டை மாற்றலாமா என்று கேட்டது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

"எங்க?" என்று கேட்டேன்.

"மெல்பேர்ண். வைஃபுக்கு வேல சரிவந்திருச்சு. அடுத்த மாசம்."

அக்காவை நினைத்துக் கனடாவைப் போட்டவன். போவதென்றால் கனடாவுக்குத்தான் போவோம் என்று எல்லாரும் போல அவனும் நினைத்திருந்தான். இப்போது வேறொரு நாடு கதவைத் திறந்திருக்கிறது.

"அங்க டிஸ்க் வாய் இருக்கிற பெட்டியும் விக்கிறாங்கள் தானே," என்றேன்.

"அங்க ஆரோடடா மாத்துற?"

பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. அவன், புது எக்கவுண்டில் முதன்முறையாகத் தன்னுடைய சொந்த விலாசத்தையே போடலாம் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். எனக்கு அழுகை வந்தது. கடையில் ஆட்கள் இருந்ததால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு வடை சொன்னேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூடப் போனேன். பஸ் வரும் வரைக்கும் கொம்பனியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அவன் போய்ச் சில மாதங்களாகின்றன. கொம்பனி இதற்கிடையில் இன்னொரு முட்டாள்தனம் செய்தது. நான் வேலைக் களைப்போடு கட்டிலில் கிடந்து, ஃபோனில் நீளமாக ஒன்று எழுதி அனுப்பினேன். அவனைச் சீண்டவேண்டும் என்றே சில இடங்களில் வேண்டுமென்று பிழையாக எழுதினேன். அடுத்த நாள் பதில் வந்தது. "உண்மைதான் மச்சான்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல். அவனுக்கு அங்கே நேரமில்லை, இரண்டு வேலை செய்கிறான், எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தக் கட்டைவிரலைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. சண்டை பிடியடா என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

போன ஞாயிறு மனைவி பால்மா வாங்க அனுப்பினாள். கால் பழக்கத்தில் நானாவின் கடைக்குப் போய்விட்டது. டிஸ்க்குகள் இப்போது ஒரே ஒரு தட்டில்தான் இருந்தன. அந்தத் தட்டின் முன்னால் ஒரு மனிதர், பாமன்கடைப் பக்கம் என்று நினைக்கிறேன், நானாவிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். டிஸ்க் வாயை எடுத்தவன் அறிவுகெட்டவன், பெட்டியைப் பார்த்தால் ஆனைக்குட்டி மாதிரி, காசு கொடுத்து வாங்கிய சாமானைக் கூட்டாளிக்குக் கொடுக்க முடியாத காலம். ஒவ்வொரு சொல்லும் நான் அதே இடத்தில் நின்று சொன்னது. எனக்கு ஒன்றிலும் மறுப்பில்லை. பேசாமல் தலையாட்டிவிட்டுப் பால்மாவோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவ்வளவு களைப்பாகத்தான் இருந்தேன்.

"பெட்டியில அவனுக்கு லாபமில்லை அண்ணன்," என்று என் வாய் தொடங்கியது. "கேமிலதான். இப்ப பிரிண்டரைப் பாருங்கோ, மலிவாத்தான் குடுப்பாங்கள், உழைக்கிறது டோனரில."

அந்த மனிதர் உஷாராகித் திரும்பினார். அப்படியென்றால் பெட்டி ஏன் இவ்வளவு பெரிசு என்று மல்லுக்கு நின்றார். பெரிசாக இருந்தால்தான் சூடேறாது என்றேன். விலையை ஏன் கூட்டினான் என்றார். டொலரைக் கேளுங்கள் என்றேன். அவன் சொன்னவை ஒவ்வொன்றாக என் வாயால் வந்துகொண்டிருந்தன.

நானா எழும்பி ஃபேனைக் குறைத்தார்.

"நீங்க ஏசுற ஆளெல்லோ," என்றார். "இது மத்தவர்ட பக்கமெல்லோ?"

"அந்தப் பக்கத்துக்கு இப்ப ஆளில்லை நானா," என்றேன்.