நாலு எடைக்கல்

என் மாமாவுக்குக் குதிரைகளைப் பற்றித் தெரியாதது எதுவுமே கிடையாது. போன சித்திரை வரைக்கும் ஒரு குதிரையைக்கூட அவர் கிட்ட நின்று பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மாத்தளை டவுனில் ஒரு புக்கியில், அதாவது குதிரைப் பந்தயம் கட்டும் கடையில், போர்டு எழுதுவது அவர் வேலை. இங்கிலாந்தில் எங்கோ ஓடப்போகும் குதிரைகளின் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுவார். ஆட்கள் அதைப் பார்த்துப் பந்தயம் கட்டுவார்கள். மாமா தன் ஆயுளில் ஒரு சதம் கட்டியதில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் குதிரைகளின் வம்சம். தகப்பன் யார், தாய் யார், தாயின் தகப்பன் எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது என்று தேடித் தேடி ஒரு பெரிய கொப்பியில் எழுதிவைப்பார். படம் கிடைத்தால் வெட்டி ஒட்டுவார். சொந்தத்தில் யார் நமக்கு என்ன முறை என்று கேட்டால் திருதிருவென்று அம்மாவைப் பார்ப்பார். குதிரை என்றால் ஐந்து தலைமுறை மூச்சுவிடாமல் வரும்.

உக்குவளையில் எங்கள் வீட்டுக்குக் கீழே, ரோட்டோரம் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை ஊரே நானா என்று கூப்பிடும். அவர்தான் மாமாவுக்கு எதிர்க்கட்சி. அந்த வருஷம் இரண்டு குதிரைகள் அவர்களைப் பாடாய்ப் படுத்தின. ஒன்றின் தாயும் தகப்பனும் பேர்போன பந்தயக் குதிரைகள். மற்றதின் தாயை ஏலத்தில் கேட்க ஆளில்லையாம். ஆனால் அந்தப் பிள்ளை ஓடிய பந்தயமெல்லாம் ஜெயித்துக்கொண்டிருந்தது.

"ஓடுறது ரத்தம் நானா. எப்பவாச்சும் ஒருநா காட்டிரும்" என்பார் மாமா.

"ரத்தம் உள்ளுக்குத்தானே இரிக்கி. ஓடுறது காலு" என்பார் நானா, பருப்பை எடைபோட்டபடியே.

இதே கண்ணால்தான் மாமா எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளையும் பார்த்தார். பெரியம்மா மகள், என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா, அவர் கணக்கில் உயர்ந்த வம்சம். பெரியப்பா பள்ளிக்கூட நாளில் ஓட்டத்தில் முதல் ஆள். பெரியம்மா வலைப்பந்து ஆடியவர். என் அம்மா ஓடி யாரும் பார்த்ததில்லை. அப்பா மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, அதிலிருந்து ஒரு காலைச் சாய்த்துத்தான் நடப்பார். என் வம்சத்தைப் பற்றி மாமா வாய் திறந்ததே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

அப்போது நான் ஐந்தாம் தரம். வீட்டு விலங்குகளின் படம் ஒட்டிக்கொண்டு வரச்சொன்னார் டீச்சர். மாடு, ஆடு, கோழி எல்லாம் கிடைத்துவிட்டன. குதிரை கிடைக்கவில்லை. மாமா வேலைக்குப் போயிருந்த நேரம் அவருடைய கொப்பியை எடுத்து, அதிலேயே அழகான குதிரையைப் பக்கத்தோடு வெட்டிக்கொண்டேன். வெட்டிய பிறகுதான் மறுபக்கத்தைப் பார்த்தேன். அதன் ஐந்து தலைமுறையும் மாமாவின் குண்டுகுண்டான எழுத்தில் கோடு போட்டு இருந்தது. எந்தக் குதிரைக்காக நானாவோடு மல்லுக்கு நிற்கிறாரோ அதே குதிரை. படம் ஒட்டிய தாளை டீச்சர் வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டார். இனி எடுக்கவும் முடியாது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். என்னைப் பார்த்து ஏதோ எழுதுவது போல் வேறு இருந்தது. காலையில் பஸ்ஸுக்கு நான் எப்போதும் பிந்திவிடுவேன். புத்தகப் பையோடு மேட்டிலிருந்து இறங்கி ஓடி வருவேன். அதே பஸ்ஸில் வேலைக்குப் போகும் மாமா வாசலில் தொங்கிக்கொண்டு, கண்டக்டரிடம் எனக்காகக் கெஞ்சிக்கொண்டிருப்பார். அந்த வாரம் கெஞ்சுவதோடு கைக்கடிகாரத்தையும் பார்த்தார். பிந்தி வருவதையும் சேர்த்து அப்பாவிடம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

மாதா கோயில் திருநாளுக்கு மறுநாள் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். வருஷா வருஷம் ஓட்டத்தில் அக்காதான் முதலாவது. அதனால் மற்றப் பிள்ளைகள் பேர் கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம் என்று பாதர் கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

"குதிரைக்குச் செய்றதச் செய்வோம் பாதர். ஆளுக்குத் தக்கன எடை கட்டிவிட்டா எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும்."

நானா கடைக்குப் புதுத் தராசு வந்திருந்ததால் பழைய இரும்பு எடைக்கற்கள் சும்மா கிடந்தன. அரைக் கிலோக் கற்களாகப் பொறுக்கி வந்தார் மாமா. ஓட வந்தவர்கள் ஆறு பேர். எல்லோரும் பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். மாமா கொப்பியைப் பார்த்துப் பார்த்துக் கல்லைப் போட்டுக்கொண்டு வந்தார். சின்னவர்கள் இருவருக்குக் கல்லே இல்லை. இன்னும் இருவருக்கு ஒவ்வொன்று. அக்காவுக்கு மூன்று. கடைசியில் என்னிடம் வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அப்பா சாய்ந்து சாய்ந்து பக்கத்தில் வந்தார்.

"மச்சான், போன வருஷம் அஞ்சாவதா வந்த புள்ளங்க இது."

"தெரியும். நீங்க போய் உக்காருங்க."

"இன்டைக்கு நீங்க நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க போல" என்றார் நானா. மாமா விசிலை எடுத்துப் பாதரிடம் கொடுத்தார். கொப்பியை இடுக்கிக்கொண்டு நின்றார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வெட்டிய பக்கத்துக்கு இதுதான் தண்டனை. ஊருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லாமல் கல்லைக் கட்டிவிட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. விசில் ஊதியதும் அந்தக் கோபத்தில்தான் ஓடினேன். பை முதுகில் மடார் மடாரென்று அடித்தது. பாதித் தூரத்தில் எனக்கு முன்னால் நாலு பேர். பிறகு மூன்று. பிறகு அக்கா மட்டும். கயிற்றைத் தொடும்போது அக்கா எனக்கு ஒரு சாண் முன்னால் இருந்தாள். மற்றவர்கள் எங்கள் முதுகில் இடித்துக்கொண்டு வந்து விழுந்தார்கள். யார் முதல், யார் கடைசி என்று பாதர் தடுமாறிப்போனார். மாமா தானே ஜெயித்த மாதிரிக் கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நான் பையைக் கழற்றி அவர் காலடியில் போட்டேன்.

"நான்தான் வெட்டினேன். குதிரப் படத்த. டீச்சர் கேட்டாங்கன்னு."

மாமா விழித்தார். கொப்பியைப் புரட்டினார். வெட்டுப்பட்ட இடத்தில் விரலை வைத்தார். அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரிகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கா பாப்பா அழுகுற? தாளு போனா குதிர போயிருமா?" என்று, அந்தக் குதிரையின் ஐந்து தலைமுறையையும் மைதானத்து நடுவில் நின்று ஒப்பித்தார். நானா காதைப் பொத்திக்கொண்டார்.

மாமாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியானால் கல்லும் தண்டனையில்லை. ஏதோ கணக்குத் தப்பி எனக்குக் கல் கூடிவிட்டது, அவ்வளவுதான். பத்து நாளைக்குப் பிறகு பசித்தது. அப்பா வாங்கிக்கொடுத்த ஐஸ் பழம் கையில் ஒழுக ஒழுக, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன சித்திரையில் மாமாவை நுவரெலியாவுக்குப் பந்தயம் பார்க்க அழைத்துப்போனேன். முதன்முதலாகக் குதிரையைக் கிட்டத்தில் பார்த்தவர், அது தும்மியதும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பிறகு தைரியம் வந்து என் மகளுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

"அந்தா அந்தக் கறுப்புக்குத்தான் ஆகக் கூடுன எடை. சேணத்துக்குள்ள ஈயம் வச்சிருப்பாங்க. நிக்கிறதுலயே நல்ல குதிரைக்குத்தான் அப்புடி வைப்பாங்க."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் அவர் கையோடு கொண்டுவந்திருந்த அந்தக் கொப்பியை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆறு பிள்ளைகளின் பெயரும் இருந்தன. ஒவ்வொருவருக்கும் எதிரில் தகப்பன் வழி, தாய் வழி. அக்காவுக்கு அரைப் பக்கம். என் பெயருக்கு எதிரில், தகப்பனின் தகப்பன் என்று கோடு போட்டு, 'தோட்டத்துத் தபால்காரர். மாத்தளையிலிருந்து மலை உச்சி வரைக்கும் தபால் பையோடு தினமும் ஏறியவர்' என்று இருந்தது. அதற்குக் கீழே, நான் புத்தகப் பையோடு மேட்டிலிருந்து பஸ்ஸுக்கு ஓடி வந்த நேரங்கள், நாள் வாரியாக. கடைசியில் 'நாலு கல்' என்று எழுதி, இரண்டு தரம் கோடிட்டிருந்தார்.

அன்று மைதானத்தில் நின்ற ஆறு பேரில் நான்தான் வேகமானவளாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்டனை என்று தோன்றியது. கணக்குத் தப்பு என்று தோன்றியது. அது மட்டும் தோன்றவில்லை.

"ஏன் மாமா அன்னைக்கே சொல்லல?"

மாமா குதிரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊருக்கு முன்னாலதானே நாலு கல்லப் போட்டேன். அதுக்கு மேல என்னத்தச் சொல்றது?"