திரைக்குள் இருந்த முகம்

வரிச்சிக்குடிப் பக்கத்தில் ஒரு பிடாரியம்மன் கோயில். அதில் இருபத்திரண்டு வருடமாகப் பூசை செய்கிற தங்கையனுக்கு, கும்பிட வருகிறவர்களில் ஒருவர் மேலும் மதிப்புக் கிடையாது. வெளியே சொல்ல மாட்டார். திருநீறு கொடுக்கும்போது அவருடைய உதட்டோரம் லேசாக ஒரு கோணல் விழும், அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கோயிலில் அபிஷேகத்தின்போது திரை போட்டுவிடுவார்கள். முகத்துக்குச் சந்தனக்காப்பு முடிந்த பிறகுதான் திரை விலகும். ஆகவே ஊர் பார்த்ததெல்லாம் தங்கையனின் கட்டைவிரல் வழித்த மூக்கு, அவர் ஒட்டிவைத்த வெள்ளிக் கண், அவர் குங்குமத்தால் இழுத்த உதடு. கல்லில் அப்படி ஒன்றும் இல்லை. எத்தனையோ தலைமுறையாக எண்ணெயும் பாலும் ஊற்றியதில் கண் இரண்டு பள்ளமாகவும் மூக்கு ஒரு சிறு மேடாகவும் தேய்ந்துபோயிருந்தன.

வெள்ளி தவறாமல் வருகிற அஞ்சுகம், “இன்னிக்கு ஆத்தா சிரிக்கிறா பாருங்க பூசாரி” என்று உருகுவாள். அன்றைக்குச் சந்தனம் நீர்த்துப்போய் உதட்டோரம் வழிந்திருக்கும். தங்கையன் தலையை ஆட்டிவைப்பார்.

கோயிலில் திருப்பணி தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை, பழைய திரையைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். திருப்பணிக் கமிட்டித் தலைவர் மாறன், முன்மண்டபத்துக்கு டைல்ஸ் அளவெடுக்க ஆளோடு விடிந்ததுமே வந்துவிட்டார். தங்கையன் அப்போதுதான் முந்தின நாள் சந்தனத்தைக் கழுவி முடித்திருந்தார். மாறன் அப்படியே நின்றுவிட்டார். செல்லில் இருந்த படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பூசாரி, இது நம்ம ஆத்தா இல்லீங்களே.”

அரை மணிக்குள் ஊர் கூடிவிட்டது. சிலையை எவனுக்கோ விற்றுவிட்டு ஒரு மொட்டைக் கல்லை நட்டுவைத்திருக்கிறார் என்றார்கள். ஆளாளுக்குச் சாட்சியாகச் செல்லை நீட்டினார்கள். அத்தனையிலும் இருந்தது தங்கையன் குழைத்த முகம். இதுதான் அது, கல் தேய்ந்திருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, சாமி தேயுமா என்று ஒருவன் கேட்டான். போலீசுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றார் மாறன். அஞ்சுகம் மட்டும் முன்னால் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“எங்க ஆத்தாள எங்கங்க வச்சிருக்கீங்க?”

திருட்டுப் பட்டம் கழுத்துக்கு வந்துவிட்டது. அப்போதும் தங்கையனுக்குப் பயத்துக்கு முன்னால் ஏளனம்தான் வந்தது. உள்ளே போய்ச் சந்தனம் குழைத்தார். எல்லோரும் பார்க்க, திரையில்லாமல், அந்தக் கல்லின் மேல் அப்பினார். மூக்கை வழித்தார். கண்ணை ஒட்டினார். உதட்டை இழுத்தார்.

சலசலப்பு அடங்கியது. அஞ்சுகம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி தேயுமா என்று கேட்டவன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். முகம் உருவானதைக் கண்ணால் பார்த்த ஒருவருக்கும் அதில் ஒரு உறுத்தலும் இல்லை. இனிமேல் ஆத்தாளை வெறும் முகத்தோடு யாருக்கும் காட்டக் கூடாது என்று மாறன் உத்தரவு போட்டார். டைல்ஸ்காரர் டேப்பை விரித்தார்.

மறுநாள் வெள்ளி. புதுத் திரைக்குள் தங்கையனுக்குக் கை ஓடவில்லை. மூக்கு ஒரு நூல் தடித்தாலும் இவள் அவள் இல்லை என்பார்கள். வழித்தார், அழித்தார், மறுபடி வழித்தார். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த முகம் இப்போது அவருக்கே நினைவுக்கு வரவில்லை. வெளியே மணியை அடித்து அவசரப்படுத்தினார்கள்.

கடைசியில் திரையை ஒரு சாண் விலக்கி, முன்னால் நின்ற அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

“ஒங்க செல்லுல ஆத்தா படம் இருக்குல்ல? கொஞ்சம் குடுங்கம்மா.”