கண்ணாடி போடாத படம்

எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படத்துக்குக் கண்ணாடி போடக் கூடாது என்பதை ஜங்ஷன் பக்கத்து ஃபிரேம் கடைக்காரருக்குப் புரியவைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. சாமி படம், கல்யாணப் படம், இறந்தவர் படம் என்று காலமெல்லாம் கண்ணாடிக்குள் அடைத்துப் பழகிய கை அவருடையது.

"கண்ணாடி இல்லேன்னா தூசி அப்பிரும்லா சார்."

"அது காத்தாடணும் அண்ணாச்சி. அடைச்சா கெட்டுப் போகும்."

"படத்துக்கு என்னத்துக்கு வே காத்து?" என்று பக்கத்து டீக்கடைக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லாவுக்கு முன்னாலேயே நின்று கத்தினேன். கடைசியில் கண்ணாடி போடாமல் கொடுத்தார். ஆனால் என் மனைவியின் படத்துக்கு மட்டும் மேலே இரண்டு கொக்கியும், நடுவில் ஜீரோ வாட் பல்பு மாட்ட ஒரு தகடும் வைத்திருந்தார். ஆள் படமென்றால் அது இல்லாமல் அவர் கடையை விட்டு வெளியே போகாதாம். தகட்டைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். கொக்கியைப் பிடுங்கினால் சட்டம் பிளந்துவிடும் என்றார். விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

பன்னிரண்டு படங்கள். பதினொன்று ஆறும் வயலும்: சீவலப்பேரியில் ஆறுகள் கூடும் இடம், கோடையில் வெளியே தெரியும் பாறைகள், அறுப்பு முடிந்த வயல். பன்னிரண்டாவது என் மனைவி. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு, மடியில் பரீட்சைத் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டே, ஆறு மாதம் எனக்காக உட்கார்ந்தாள். அது முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

சென்னை ஓவியக் காலரிகளுக்கு நான் இருபது வருடமாகப் படம் அனுப்புகிறேன். போன வேகத்தில் திரும்பி வரும். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டரின் படம்தானே என்று அவர்கள் நினைப்பதாக நான் நினைத்துக்கொள்வேன். இந்தத் தடவை ஒரு காலரிக்காரர் நான் போனில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா படத்தை மட்டும் அனுப்புங்கள், அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று சொன்னார். முதல் 'சரி'. இங்கே கண்காட்சி முடிந்த கையோடு அதைக் கட்டி அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

சும்மா இருந்திருக்கலாம். கை இருக்கவில்லை. நெற்றியில் வெளிச்சம் போதாது என்று தோன்றி, கடைசி வாரத்தில் ஒரு பூச்சு கொடுத்தேன். ஐப்பசி மழை. காயவே இல்லை. ஈரத்தோடுதான் கொண்டுபோய் மாட்டினேன்.

பாளையங்கோட்டையில் நான் பிடித்த கூடம் சேலைத் தள்ளுபடி விற்பனைக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் வாடகைக்குப் போகிறது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஃபேனைப் போட்டால் ஆறு ஆடியது, போடாவிட்டால் எனக்கு வேர்த்தது. வாட்ச்மேன் அண்ணாச்சி ஒருவர்தான் உதவிக்கு நின்றார். என் மனைவி படத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்குக் கேட்க நேரமில்லை.

திறப்புவிழா அன்று காலை குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கூடத்தில் பத்துப் பதினைந்து பேர். அத்தனை பேரும் ஒரே படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஒருவர் கைகூப்பியிருந்தார். இருபது வருடத்தில் என் படத்துக்கு முன்னால் யாரும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. நெஞ்சு நிறைந்து கிட்டத்தில் போனேன்.

அந்த இரண்டு கொக்கியில் பிச்சிப்பூ மாலை தொங்கியது. நெற்றியில் சந்தனம். அதன்மேல் குங்குமம். பெருவிரலால் நன்றாக அழுத்தி வைத்திருந்தார்கள். ஈரப் பூச்சு பெயர்ந்து, சந்தனமும் குங்குமமும் அதில் குழைந்து, அடியிலுள்ள கித்தான் துணி வரைக்கும் இறங்கியிருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவக் குடும்பம். அந்த நெற்றி ஒருநாளும் பொட்டு கண்டதில்லை.

"யாரு வச்சது?" என்று போட்ட சத்தத்தில் கைகூப்பியவர் செருப்பைத் தேடினார்.

வாட்ச்மேன் அண்ணாச்சி ஓடிவந்தார். "நாந்தான் சார். மாலை மாட்ட கொக்கி இருக்கு, மாலையக் காணோம். நல்ல நாளும் அதுவுமா அம்மா படம் வெறுமனே இருக்கேன்னு நாந்தான் வாங்கிட்டு வந்து போட்டேன்."

"உயிரோட இருக்கா வே அவ!"

அந்த நேரம் பார்த்து, கூட வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்களோடு என் மனைவி உள்ளே வந்தாள். டீச்சர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி பைய நடந்து வந்து தன் படத்தைப் பார்த்தாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"நான்தான் அண்ணாச்சி அது," என்றாள்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்பா நெனைக்காதிய தாயி. ஒரு மனுசன் பொஞ்சாதிய இவ்வளவு உத்துப் பாத்து வரைஞ்சிருக்காரே, பாவம், அம்மா போயிட்டாவ போலன்னு நெனச்சுட்டேன். இருக்கும்போது யாரு தாயி இப்படிப் பாக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "அண்ணாச்சி சொல்லுதது சரிதான்."

அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினர் வந்தார், விளக்கேற்றினார், பொன்னாடை போர்த்தினார். என் காதில் எதுவும் விழவில்லை. கண்ணாடி போட்டிருந்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, முடிந்திருக்கும். ஃபிரேம் கடைக்காரரின் முகம் வந்து வந்து போனது.

மறுநாளே அந்தப் படத்தை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பஞ்சும் டர்பன்டைனும் வைத்துத் துடைத்ததில் சிவப்பு போனது, நெற்றியும் சேர்ந்து போனது. போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடம் வெளுத்துக் கிடந்தது. சரி, எனக்குத் தெரியாத நெற்றியா என்று வண்ணத்தைக் குழைத்தேன். கண்ணை மூடினேன். படம்தான் வந்தது, அவள் வரவில்லை. இரண்டு தடவை பூசி இரண்டு தடவை வழித்தேன். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. கூப்பிடு தூரத்தில் அடுக்களையில் அவள் இருக்கிறாள், கூப்பிட வெட்கமாக இருந்தது.

அவளாகவே வந்தாள். பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு, பரீட்சைத் தாள் கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாருங்க," என்றாள்.

பார்த்தேன். புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடுகள். வகிட்டின் இரண்டு பக்கமும் நரை. படத்தில் இரண்டுமே இல்லை.

"இதெல்லாம் எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"போன வருசமே வந்துட்டு," என்று தாளிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்.