இரண்டு சுற்றுச் சங்கிலி

எங்கள் பக்கத்தில் ஆர்ஃபா கோயனிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அவளுடைய கேட் வழியாக ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டார். மாட்டு டாக்டர் வாங்கியிருக்கிறார். மின்கம்பி பார்க்க வந்தவர்கள் வாங்கியிருக்கிறார்கள். ஒருமுறை பாதிரியார் ஜெபம் செய்ய வந்துவிட்டு, வெளியே போகும்போது சங்கிலியைச் சும்மா தொங்கவிட்டுப் போய்விட்டார். ஆர்ஃபா வண்டியை எடுத்துக்கொண்டு ஊர்வரை துரத்திப் போய், அவரைத் திரும்பக் கூட்டிவந்து, அவர் கையாலேயே சாத்த வைத்தாள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர் வாசல்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நானும் என் புருஷன் ஆர்வினும் வாங்கியதற்குக் கணக்கே கிடையாது. ஏனென்றால் அவள் மேய்ச்சல் நிலத்துக்கும் எங்கள் கோதுமை வயலுக்கும் நடுவில் ஒரே வேலி, அந்த வேலியில் ஒரு இரும்புக் கேட். பூட்டு கிடையாது. ஒரு கனமான சங்கிலி. அதைக் கம்பத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, கொக்கியில் மாட்ட வேண்டும். அது ஆர்ஃபாவின் ஏற்பாடு.

"உங்க வீட்டுக்காரருக்குச் சங்கிலி சுத்தக் கையில தெம்பு இல்லையா, வில்மா?"

"சுத்திட்டுத்தானே வந்தாரு."

"ஒரு சுத்து. என் மாடுங்க எண்ணத் தெரிஞ்ச மாடுங்க. ரெண்டாவது சுத்து இல்லன்னா அதுங்களுக்குத் தெரியும்."

சிரித்தபடிதான் சொல்வாள். ஆனால் வேடிக்கைக்காகச் சொல்பவள் இல்லை. அவளுக்குப் பதினெட்டு வயதானபோது, இருட்டும் நேரத்தில் அவளுடைய தம்பி வேலை முடிந்து காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். யாரோ கேட்டைத் திறந்து போட்டிருந்தார்கள். கறுப்பு மாடு ஒன்று நெடுஞ்சாலையில் நின்றது. கறுப்பு மாடு இருட்டில் தெரியாது. தம்பி வீடு வந்து சேரவில்லை. கேட்டைத் திறந்து போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கேட்காமலே வயதாகிப் போனார்கள்.

அவள் கட்டிக்கொண்ட டெல்மர் வாட்டசாட்டமான ஆள். இடுப்பு ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. வாலிபத்தில் டிராக்டர் சத்தத்தில் காதில் பாதி போய்விட்டது, மீதிப் பாதி ஆர்ஃபாவுக்குப் போதும் என்று அவரே சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். என்ன ஆனாலும் கேட்டைச் சாத்து. மனிதர் சாத்துவார். மழையில் சாத்துவார், காய்ச்சலில் சாத்துவார்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். கான்ஸாஸில் இருப்பவர்களுக்கு மார்ச் மாதக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வருஷம் வேறு மாதிரி. முந்தைய கோடையில் நல்ல மழை பெய்து புல் இடுப்பளவு வளர்ந்து, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதற்குப் பிறகு பனியும் இல்லை, மழையும் இல்லை. அதே புல் காய்ந்து சருகாக, வானம் முடியும் இடம்வரை நின்றது. தென்மேற்கிலிருந்து காற்று விடாமல் அடித்தது. கதவுக் குமிழைத் தொட்டால் சுருக்கென்று பொறி பறந்தது. உதடு வெடித்தது. காய்ந்த முள்செடிகள் பந்துபோல உருண்டு வந்து வேலியில் அடைந்து, வேலியே தெரியாமல் போயிற்று. ரேடியோ காலையும் மாலையும் சிவப்புக் கொடி எச்சரிக்கை என்றது, ஒரு பொறி விழுந்தாலும் தீ நிற்காது என்று அர்த்தம். யாரும் குப்பை கொளுத்தவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. ஆர்வின் எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டியில் தொண்டர். கால்சட்டையைப் பூட்ஸுக்குள் நுழைத்தபடியே கட்டிலடியில் வைத்துத் தூங்கினார். தூங்கினார் என்பது பேச்சுக்குத்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. சமையலறையில் ரொட்டி கொஞ்சம் கருகினாலும் வெளியே ஓடி வானத்தைப் பார்ப்பேன். காலையில் காபி ஊற்றும்போதே ஆர்ஃபா போன் செய்வாள்.

"புகை வாசனை வருதா?"

"இல்லையே."

"எனக்கு வருது."

"உனக்குத் திங்கக்கிழமையிலேர்ந்து வருது."

"திங்கக்கிழமையிலேர்ந்துதான் நான் தூங்கல. ஆர்வின்கிட்ட கேட்டு வை. ஏதாவது ஆச்சுன்னா கிடாரிங்கள உங்க கோதுமையிலதான் விடுவேன்."

முதல் ஈத்துக் கிடாரிகளை அவள் வீட்டை ஒட்டிய சின்ன மேய்ச்சலில் வைத்திருந்தாள், பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. பாதி ஈன்றிருந்தன, மீதி இன்றோ நாளையோ ஈனும் நிலையில் இருந்தன. மார்ச்சில் இந்தச் சமவெளியில் எரியாத ஒரே இடம் கோதுமைப் பச்சைதான். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஆர்வினிடம் போனைக் கொடுத்தேன்.

"தாராளமா விடு ஆர்ஃபா," என்றார் ஆர்வின். "ஆனா கேட்டைச் சாத்திட்டு வரணும், ஆமா. ரெண்டு சுத்து."

அந்தப் பக்கம் அவள் சிரித்ததும், அதை டெல்மருக்குச் சத்தமாகத் திருப்பிச் சொன்னதும் கேட்டது. அவரும் சிரித்தார்.

வியாழக்கிழமை மதியம் வந்தது. தென்மேற்கே எங்கோ காற்றில் மின்கம்பியும் மின்கம்பியும் உரசிப் புல்லில் தீப்பிடித்ததாம். ஆர்வின் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். புகை எங்களுக்கு மேற்கே, தூரத்தில், வடகிழக்கு நோக்கி ஓடிக்கொண்டே போனது. நான் வாசலில் நின்று பார்த்தேன். எங்களைத் தாண்டிப் போகிறது என்று தெரிந்தபோது நன்றி சொன்னேன். அது யாரோ ஒருவர் வீட்டை நோக்கித்தான் போகிறது என்ற நினைப்பு அப்போது வரவில்லை.

பிறகு காற்று நின்றது. அந்த வாரம் முழுவதும் நிற்காத காற்று நின்றதும் நான் வடக்கே திரும்பிப் பார்த்தேன். வடக்கிலிருந்து குளிர் காற்று வரும் என்று ரேடியோ காலையிலேயே சொல்லியிருந்தது. காற்று திரும்பினால், ஓடிப்போன தீயின் பக்கவாட்டு முழுவதும், அத்தனை மைல் நீளமும், முகமாகிவிடும். அந்த முகம் எங்களைப் பார்த்து வரும். முதல் குளிர்ந்த வீச்சு கழுத்தில் பட்டபோது நாயைத் தூக்கி வண்டியில் போட்டேன். வேறு எதையும் எடுக்கவில்லை. நேராகக் கோதுமைக்குள் ஓட்டி, கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன்.

கணுக்கால் உயரப் பச்சை. அதில் நின்றுகொண்டு பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் பழுப்புப் புகை. சூரியன் இருந்த இடம் தெரியவில்லை. அப்போது டெல்மரின் தீவன வண்டிச் சைரன் கேட்டது. தீவனம் போடும்போது அடிக்கும் சைரன் அது, அந்தச் சத்தத்துக்கு மாடுகள் எங்கிருந்தாலும் ஓடி வரும். புகையைக் கிழித்துக்கொண்டு வண்டி வந்தது, பின்னால் கிடாரிகள், கன்றுகள், வாய் திறந்து, கண் பிதுங்கி. எல்லாம் என்னைக் கடந்து ஓடின. டெல்மர் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். தேய்ந்த இடுப்போடு நொண்டிக்கொண்டு திரும்பிப் போய், கேட்டை இழுத்து, சங்கிலியைச் சுற்றினார். ஒன்று. இரண்டு. கொக்கியில் மாட்டினார்.

என் பக்கம் வந்தபோது முகமெல்லாம் கரி, ஆனால் சிரிப்பு.

"எல்லாம் வந்துருச்சு, வில்மா. ஒண்ணு விடல."

"ஆர்ஃபா எங்க?"

"என்னது?"

"ஆர்ஃபா!"

"அவ முன்னாடியே போயிட்டாளே. பைக் சத்தம் கேட்டுச்சே."

அரைக் காது மனிதருக்குச் சைரனுக்கு நடுவே பைக் சத்தம் கேட்டதாம். நான் வயலைப் பார்த்தேன். மாடுகள் மட்டும்தான். ஆர்ஃபா மாடு ஓட்டும் நாலுசக்கர பைக் இல்லை. அவரிடம் கத்திச் சொல்லி, அவர் திரும்பக் கேட்டு, நான் திரும்பக் கத்தி, அவர் நொண்டி நடந்து போவதற்கு நேரம் இல்லை. மாடுகளும் மிரண்டு வேலிக்கே திரும்பிக்கொண்டிருந்தன.

"மாட்டை நடுவுக்குக் கொண்டுபோங்க," என்று கையைக் காட்டினேன். அது புரிந்தது. சைரனை அடித்துக்கொண்டு போனார்.

நான் கேட்டுக்கு ஓடினேன். அந்தப் பக்கம் புகைக்குள் மாடுகள் கத்தின. எட்டோ பத்தோ பின்தங்கியவை, கேட்டில் நெஞ்சை வைத்து மோதிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஆர்ஃபாவின் குரல். வார்த்தை புரியவில்லை, குரல்தான். நான் சங்கிலியைப் பிடித்தேன். அத்தனை மாட்டின் பாரமும் அதில் இருந்தது. சங்கிலி விறைத்து நின்றது, கொக்கியை ஒரு நூல்கூடத் தள்ள முடியவில்லை. நகம் பெயர்ந்தது. உஷ்ணம் முகத்தில் அடித்தது. புகைக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தது, அதன் சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்தை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. உண்மையாகவே ஓரடி பின்னால் வைத்தேன்.

பிறகுதான் வண்டிக் கதவில் ஆர்வின் வைத்திருக்கும், கம்பி வெட்டும் வேலி இடுக்கி ஞாபகம் வந்தது. எடுத்து வந்து கேட்டுக்குப் பக்கத்தில் வேலியை வெட்டினேன். முள்கம்பி ஐந்து வரிசை. ஒவ்வொன்றும் அறுந்து சுருண்டு பாய்ந்தது, ஒன்று என் கன்னத்தைக் கிழித்தது. கடைசிக் கம்பி விழுந்ததும் முதல் கிடாரி வழியைக் கண்டுகொண்டது. மற்றவை அதன் பின்னால் கொட்டின.

கடைசியாக ஆர்ஃபா வந்தாள். பைக் இல்லை, நடந்து வந்தாள். அப்போதுதான் பிறந்த ஈரக் கன்று ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். புருவம் பொசுங்கியிருந்தது. கோதுமைக்குள் இருபது முப்பது அடி வந்து உட்கார்ந்துவிட்டாள். தீ வேலிவரை வந்து, மரக்கம்பங்களைப் பிடித்து, பச்சையின் விளிம்பில் சீறி, வயலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நாங்கள் கன்றுக்கு இரண்டு பக்கமும் குப்புறப் படுத்திருந்தோம். நான் சத்தமாக அழுதேன், வெட்கமில்லாமல்.

புகை கொஞ்சம் விலகியபோது அவள் கேட்டைப் பார்த்தாள்.

"அவரு சாத்தினாரா?"

"ஆமா."

"ரெண்டு சுத்தா?"

"ரெண்டு."

சிரித்தாள். அப்புறம் திரும்பிக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் மாட்டுக்கு முன்னாடியே வந்துட்டேன். புரியுதா? பின்தங்கின மாடு நெரிச்சுது, நாம வெட்டிவிட்டோம். நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன்."

"ஆர்ஃபா, அவருக்குத் தெரியாமப் போனா அடுத்த தடவையும்..."

"எங்க வீட்டுல நாப்பது வருஷம் கேட்டு யாரு தொறந்ததுன்னு யோசிச்சே எல்லாரும் செத்தாங்க. இவருக்கு அது வேணாம், வில்மா. சொல்லாத."

சொல்லவில்லை. டெல்மர் போன குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அவர்கள் வீடு தப்பியது, கொட்டகை போயிற்று. வடக்கு மேய்ச்சலில் வெந்தும் சாகாமல் கிடந்த மாடுகளுக்காக மறுநாள் காலை ஆண்கள் துப்பாக்கி எடுத்துப் போனார்கள், நாள் முழுக்கச் சத்தம் கேட்டது. பெயர் தெரியாதவர்கள் நெப்ராஸ்காவிலிருந்து லாரி லாரியாக வைக்கோல் அனுப்பினார்கள். வெட்டிய இடத்தை டெல்மர் நின்று பார்த்து யோசிப்பதற்கு முன்பே ஆர்ஃபா பழைய கம்பி வைத்து முறுக்கிக் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் டெல்மருக்கு ஒரு கதை கிடைத்தது. மற்ற நாளில் பேசாத மனிதர், காபியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்வார்.

"பின்னாடி தீ. மாடு முன்னாடி ஓடுது. ஆனா நான் எறங்கி கேட்டைச் சாத்திட்டுத்தான் போனேன். ரெண்டு சுத்து. இவளுக்குப் பயந்து."

கடையே சிரிக்கும். "தீயைவிட இவளுக்குத்தான் பயமா?" என்பார்கள். "நீங்க கட்டிப் பாருங்க, தெரியும்," என்பார். ஆர்ஃபாவும், "சாத்தினாரு, சாத்தினாரு," என்று சிரிப்பாள். மேஜைக்கு அடியில் அவள் கை என் முட்டியைப் பிடித்திருக்கும். கன்றிப்போகும் அளவுக்கு அழுத்துவாள். ஒவ்வொரு முறையும்.

அடுத்த மார்ச்சில் மறுபடி காற்று வந்தது. மறுபடி சிவப்புக் கொடி. ஒரு மத்தியானம் டெல்மர் எங்கள் வாசலுக்கு வந்தார். தொப்பி பறக்காமல் கையில் பிடித்திருந்தார்.

"வில்மா, உன்கிட்டச் சொல்றதுக்கு எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா கேட்டு தொறந்து கெடக்கு. கயித்தால பின்னாடி இழுத்துக் கட்டியே வச்சிருக்கு. இந்த வாரத்துல மூணாவது தடவை. நான் சாத்துறேன், திரும்ப வந்தா தொறந்திருக்கு."

நான் கதவு காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"ஆர்வினாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். அவர்கிட்ட சொல்லு. ஆர்ஃபாகிட்ட நான் சொல்லல. அவ தம்பி விஷயம் உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

அவர் தோளுக்குப் பின்னால், வயலின் அந்தக் கோடியில், ஆர்ஃபாவின் புது நாலுசக்கர பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது, அவருக்குச் சத்தம் கேட்கவில்லை.

"ஆர்வின் இல்ல, டெல்மர். நான்தான்," என்றேன். "மறந்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல, பரவால்ல," என்றார், என்னைவிட அவருக்குத்தான் வெட்கம். "இனிமே பாத்துக்க. இந்தக் காத்துல கேட்டு தொறந்து கெடந்தா, எனக்குப் பயமா இருக்கு."