கடன் தராத கம்பெனி

சோப்புக் கம்பெனி வேன் வந்து நின்றாலே எங்கள் அண்ணனுக்கு முகம் சுண்டிவிடும். அருப்புக்கோட்டைக் கடைவீதியில் எங்கள் கடை ஒரு பக்கம் மளிகை, மறு பக்கம் நூல். மளிகையை அண்ணன் பார்த்தார். நெசவுக்காரர்களுக்கு நூல் போடுவதை நான் பார்த்தேன். அந்தச் சோப்புக்காரனிடம் முதலில் பேங்க் டிராஃப்டை நீட்ட வேண்டும், அப்புறம்தான் பெட்டி இறங்கும். ஓடாத பவுடர் டப்பாவையும் சேர்த்து எடுத்தால்தான் ஓடுகிற சோப்பு கிடைக்கும். நசுங்கியதைத் திருப்பி எடுக்கவே மாட்டான்.

"கொள்ளைக்காரப் பயலுக! நம்ம காசுலயே யாவாரம் பண்றானுக" என்று அண்ணன் வைவார். வைதுகொண்டே அடுத்த டிராஃப்டுக்கு ஆளை அனுப்புவார். வேறு வழியில்லை. மழை பொய்த்து, திருச்சுழிப் பக்கத்து ஜனங்கள் கம்புக்கே அல்லாடிய வருஷத்தில்கூட அந்தச் சோப்பு விற்பது குறையவில்லை. இதையெல்லாம் நான் என் கண்ணால் தினமும் பார்த்தேன். பார்த்து என்ன புண்ணியம்?

நூல் மில்லோ நேர் எதிர். மகராசன் மாதிரி கம்பெனி! அதன் ஏஜெண்டு வெள்ளை வேட்டியும் சிரிப்புமாக வந்து உட்காருவார். "சரக்க எறக்குங்க மொதலாளி, பணத்துக்கு என்ன அவசரம்" என்பார். மூன்று மாதம் கடன். தீபாவளிக்கு மிட்டாய்ப் பெட்டி, தைக்குக் காலண்டர். எங்கள் கடைவீதியில் ஒருவனுடைய பெருமையை அளப்பதே அவன் எவ்வளவு கடன் விட முடியும் என்பதை வைத்துத்தான். கடன் விடுகிறவன் பெரிய கை. கறாராகக் காசு கேட்கிறவன் கைக்கும் வாய்க்கும் எட்டாதவன். பெண் கொடுக்கப் போகும்போதுகூட, மாப்பிள்ளை வீட்டார் வெளியில் எவ்வளவு விட்டுவைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்போம்.

அந்த நாளில் எனக்கு ஷேர் பைத்தியம் பிடித்திருந்தது. மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைவீதியில் நடப்பேன். அதில் பாதி புரியாது. ஆனாலும் நாலு பேர் என்னிடம் வந்து, "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனிண்ணே?" என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தலையில் கொம்பு முளைத்தது.

மில்லில் எனக்கும் கொஞ்சம் ஷேர் இருந்தது. ஒரு வருஷம் அவர்களுடைய பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேர்மன் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. கூட்டம் முடிந்து இலைபோட்டுச் சாப்பாடு. அதற்கப்புறம் ஏஜெண்டு என்னைக் குடோனுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். ஆத்தாடி! தரையிலிருந்து கூரைவரை நூல் மூட்டை. நடக்க வழியில்லை. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. மல்லியும் வத்தலும் வாங்கிப் பூட்டி வைத்து, விலை ஏறும்வரை காத்திருந்து விற்கிற ஊர்க்காரன் நான். குடோன் நிறைந்திருந்தால் அவன் தாட்டிகமானவன் என்றுதான் எனக்குத் தெரியும். விற்காமல் தேங்கிய சரக்காகவும் அது இருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

இந்த லட்சணத்தில்தான் அக்கா என்னிடம் வந்தாள்.

அக்காவைப் பந்தல்குடியில் கொடுத்திருந்தோம். மச்சானுக்குத் தூத்துக்குடி ரோட்டின்மேல் ஒரு எண்ணெய்க் கடை. பிள்ளை இல்லை. மச்சான் திடீரென்று தவறிப்போனதும் கடையை யார் பார்ப்பது? கடையையும், எம்.ரெட்டியபட்டியில் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த கரிசல் காட்டையும் விற்றுவிட்டாள். பணத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு நேரே கடைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"தம்பி, எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம்டா. நான் இருக்க ஒரு வாடகை வீடு, ரெண்டு வேளைக் கஞ்சி. அதுக்கு மட்டும் எதாச்சும் வந்துக்கிட்டே இருக்கணும். அவுக இருந்தவரைக்கும் நான் யார்ட்டயும் கேட்டு நின்னதில்ல. இனியும் நிக்கக் கூடாது."

"ஏன்க்கா, நம்ம வீடு இல்லையா?" என்றேன்.

"இருக்குடா. தீபாவளிக்கு வாரேன், பொங்கலுக்கு வாரேன். இந்தக் கட்டையக் கொண்டாந்து இங்க போட மாட்டேன்."

பேங்கில் போட்டு வட்டி வாங்கலாம் என்றார் அண்ணன். அது பிச்சைக்காசு என்றேன் நான். அந்தச் சமயத்தில்தான் சோப்புக் கம்பெனி தன் ஷேரை ஜனங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிடத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர் அதற்கு ஃபாரம் வாங்கி வந்திருந்தார். அக்கா காதில் அது விழுந்திருக்கிறது.

"ஏலே தம்பி, அந்தச் சோப்புலயே போட்டா என்னடா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒரு பெட்டிச் சரக்கு கடனுக்குத் தர வக்கில்லாத கம்பெனி அது, அக்கா. அன்னாடங்காச்சிப் பய கணக்கா காசக் கையில வாங்கிட்டுத்தான் பெட்டிய எறக்குறான். அவனா உனக்கு அள்ளிக் குடுக்கப் போறான்? மில்லப் பாரு, மதுரைச் சீமை பூரா கடன் விட்டு வச்சிருக்கான். குடோன நான் பாத்துட்டு வந்தேன். மலை மாதிரி கெடக்கு!"

"உனக்குத் தெரியாததா, நீ செய்" என்று அக்கா பையை என் பக்கம் தள்ளினாள். பூராப் பணத்தையும் அந்த ஒரே மில்லில் போட்டேன். பூராவையும்! இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

முதலில் வருஷா வருஷம் லாபத்தில் பங்காக டிவிடெண்டு ஒழுங்காகத்தான் வந்தது. பாலவனத்தத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அக்கா தனியாக இருந்தாள். தீபாவளிக்கு என் பெண்டாட்டிக்கு ஒரு சேலை எடுத்து வந்து, "என் சொந்தக் காசு ஏத்தா, கட்டிக்கோ" என்று கொடுத்தபோது அவள் முகத்தில் இருந்த மிதப்பை என்னால் மறக்க முடியவில்லை. அப்போது எனக்கும் பெருமைதான்.

பிறகு ஒருநாள் மில் ஏஜெண்டு வந்து, "பணம் ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும் மொதலாளி, இன்னுங்கூட ஒரு லோடு எடுத்துக்கோங்க" என்றார். மூன்று மாதக் கடன் ஆறு மாதமாகிவிட்டது. நூலை வாங்க ஆளில்லாமல்தான் அவர் கெஞ்சுகிறார் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பாலவனத்தம் போய் அக்காவிடம், "உன் கம்பெனி எம்புட்டுப் பெரிய கை தெரியுமா!" என்று பீற்றிவிட்டு வந்தேன். அந்த லோடையும் இறக்கிக்கொண்டேன்.

டிவிடெண்டு நின்றது. கரண்டு வெட்டு, பேங்கு நெருக்கடி என்று ஏதேதோ சொன்னார்கள். கடைசியில் மில் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மதுரை ஷேர் புரோக்கர், "சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்லைங்க" என்று கடுதாசி போட்டார். லாரி புக்கிங்காரர் தன் சோப்பு ஷேரில் பாதியை விற்று மச்சு கட்டிக்கொண்டிருந்தார்.

மில் யாரையும் ஏமாற்றவில்லை. நான்தான் கடைக்காரன் கண்ணால் அதைப் பார்த்தேன். எனக்குச் சௌகரியமான கம்பெனியை நல்ல கம்பெனி என்றேன். என்னைக் கசக்கிப் பிழிந்த கம்பெனியைக் கெட்ட கம்பெனி என்றேன். கசக்குகிற கம்பெனியில் பங்குக்காரனாக இருந்தால் அந்தச் சாறு நமக்கு அல்லவா வரும்! இந்தச் சின்ன விஷயம் பேப்பர் படிக்கிற என் மரமண்டையில் ஏறவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மில் மூடிய பிறகு நூல் விலை கொஞ்சம் ஏறியது. கடனுக்கு இறக்கிய நூல் எங்கள் கடையில் இருந்தது. அதை நல்ல விலைக்கு விற்றோம். வசூலுக்கு யாரும் வரவில்லை. "வந்து கேட்டாக் குடுப்போம்" என்றார் அண்ணன். மில் எங்களுக்கு அத்தனை மாதம் கடன் விட்டது யார் பணத்தில்? அக்காவைப்போல ஷேர் போட்டவர்கள் பணத்தில்தானே? அவள் காடும் கடையும் சுற்றி வந்து எங்கள் கடை அலமாரியில் நூலாக உட்கார்ந்திருந்திருக்கிறது. விற்றுக் கல்லாவில் போட்டவர்கள் நாங்கள். அதை அக்காவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அண்ணனிடம் கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். கேட்டால், போட்டுத் தொலைத்தவன் நீதானே, நீ கொடு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். கேட்காமலே விட்டுவிட்டேன். வசூலுக்கு ஆள் கடைசிவரை வரவேயில்லை.

பாலவனத்தம் வீட்டைக் காலி செய்து அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல், "உடம்பு எளைச்சிட்டியேடா" என்று என் தோளைத் தடவினாள்.

மறுநாள் காலையில் நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். அக்கா அடுப்படி வாசலில், நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, தன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய என் பெண்டாட்டியிடம் கேட்டாள்:

"ஏத்தா, ஒரு வாய் காப்பி போட்டுக்கிடட்டுமா?"

"என்ன மதினி இது, கேக்கணுமா? உங்க வீடு" என்று அவள் பதறிப்போனாள்.

அதற்கு மறுநாளும் அக்கா கேட்டாள். சாகிறவரைக்கும், ஒவ்வொரு நாள் காலையிலும், கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைத்தாள்.