கலர் அக்கா தேர்ந்தெடுத்த திரை

பணியில் சேர்ந்த நாள்: 2007 ஜூன் 4. இருக்கை: ஸ்டூடியோவின் பின்னறை, ஜன்னல் இல்லாத சுவரை ஒட்டிய மேசை. வேலை: எடுத்த படங்களில் முகத்தின் நிறத்தைத் திருத்துதல். மானிட்டர் வந்த நாள்: 2011 ஜனவரி 19, பத்தொன்பது அங்குலம், உள்ளே மெல்லிய குழல்விளக்குகள். அதன் இடது கீழ்மூலை இருளத் தொடங்கிய நாள்: 2023 அக்டோபர் 9. புதியது வாங்க முதலாளி சம்மதித்த நாள்: 2024 ஜனவரி 8.

இவ்வளவும் ஒரு நீள நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. நோட்டுக்கு உரியவரைத் தெருவில் எல்லோரும் கலர் அக்கா என்றே அழைப்பார்கள். அவருடைய கண்ணுக்கு அப்படியொரு பெயர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள்கூட, "அக்கா கை பட்டுட்டுத்தானே வரும்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நாற்காலியில் உட்காருவார்கள்.

ஜனவரி எட்டாம் தேதி முதலாளி பின்னறைக்கு வந்து, மங்கிய மூலையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு தடவைதாம்மா. நீங்க எதைக் கை காட்டுறீங்களோ அதை வாங்கித் தர்றேன். ஆனா மார்ச்ல பள்ளிக்கூட ஆர்டர் இருக்கு. அதுல முகம் கெட்டுச்சுன்னா கலர் வேலை மொத்தத்தையும் வெளிக் கம்பெனிக்கு அனுப்பிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"எனக்கு என்ன வேலை கொடுப்பீங்க சார்?"

"பார்ப்போம்" என்றார் முதலாளி. அந்தச் சொல்லுக்கு அந்த ஸ்டூடியோவில் என்ன பொருள் என்பது கலர் அக்காவுக்குப் பதினாறு ஆண்டுகளாகத் தெரியும்.

பள்ளிக்கூட ஆர்டர் எளிய வேலை அல்ல. முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கொரு படமாக எடுத்துச் சேர்த்து, பத்தாம் வகுப்பு முடித்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து முகங்களை ஒரே தாளில் வரிசையாக அச்சிட்டுக் கொடுப்பார்கள். இந்த ஆண்டு 184 பிள்ளைகள். ஒப்படைக்க வேண்டிய நாள் மார்ச் 22.

கலர் அக்கா முப்பத்தேழு நாள்கள் மானிட்டர்களைப் படித்தார். படித்தார் என்பதுதான் சரியான சொல். நோட்டில் பத்தி பிரித்து, இருபத்து மூன்று மாடல்களை எழுதினார். முதலில் பேனல், அதாவது படம் தெரியும் பரப்பு. டிஎன் என்ற வகை மலிவு, வேகம். ஆனால் நாற்காலியில் சற்றுச் சாய்ந்தால் முகம் கறுக்கும், எழுந்தால் வெளுக்கும். 'முதுகு வலிக்காரிக்கு ஆகாது' என்று பக்கத்தில் குறித்தார். விஏ வகையில் கறுப்பு கிணற்றுக் கறுப்பு. பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் கன்னத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். ஐபிஎஸ் வகையில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகம் மாறாது. கறுப்புதான் கொஞ்சம் சாம்பல் தட்டும். ஓஎல்இடி வகைக்குப் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும்; அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் மென்பொருளின் கருவிப்பட்டை நாளடைவில் திரையில் தழும்பாகிவிடும் என்று படித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கருவிப்பட்டை பதினாறு ஆண்டுகளாக இடதுபுறத்தைவிட்டு நகர்ந்ததில்லை.

அடுத்தது பின்விளக்கு. பழைய குழல்விளக்கு வயதாக ஆக மஞ்சளாகப் பழுக்கும். இப்போது வருவது எல்இடி. ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்ததில் ஒளி சீராகப் பரவாமல் போகலாம். பின்னால் வரிசையாக வைத்து, கட்டம் கட்டமாக அணைத்து எரிய விடுவதில் வெள்ளைக் காலரைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரியும். பள்ளிச் சீருடை முழுக்க வெள்ளைக் காலர். சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை விடாமல் அணைத்து அணைத்து ஏற்றும். கண்ணுக்குத் தெரியாது, தலைவலிக்குத் தெரியும்.

மாதிரிப் படங்களை இணையத்தில் பெரிதாக்கி, இந்த மானிட்டரில் தோல் நிறம் எப்படி, அந்த மானிட்டரில் எப்படி என்று அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த மகள் பின்னால் நின்று பார்த்தாள். கல்லூரியில் படிப்பவள், அம்மாவை வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அம்மா, எதுல பார்த்துக்கிட்டு இருக்க?"

"மானிட்டர்லதான்டி."

"புது மானிட்டரோட கலர் எப்படின்னு இந்தக் கிழட்டு மானிட்டர்லயே பார்த்தா, எல்லாமே கிழட்டு மானிட்டர் மாதிரிதானே தெரியும்?"

கலர் அக்காவின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பிறகு எழுந்து, மூன்று நாள்களாக எழுதிய 'தோல் நிறம்' என்ற பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"உன்னைப் படிக்க வச்சது என் தப்புதான்."

"டப்பாவைக் காலி பண்ணிக் குடு, நான் கிளம்பணும்."

பிப்ரவரி 15 அன்று கடைக்கு நேரிலேயே போனார். பையில் ஒரு பென்சில், ஒரு பென்டிரைவ். பென்டிரைவில் ஒரே ஒரு கோப்பு: சென்ற ஆண்டு தானே திருத்திய ஒரு மாணவியின் முகம். அதைவிடச் சரியான நிறத்தில் தாம் எதையும் செய்ததில்லை என்பது அவர் எண்ணம். எட்டு மானிட்டர்களில் அதே முகத்தைப் போடச் சொன்னார். வழுக்கை விழுந்த விற்பனையாளர் அலுப்பில்லாமல் போட்டார். கலர் அக்கா உட்கார்ந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், ஓரத்தில் நின்று பார்த்தார். திரைக்கு முன் பென்சிலை விசிறிபோல ஆட்டினார். விளக்கு அணைந்து எரிந்தால் பென்சில் பல துண்டாகத் தெரியும்; சீராக எரிந்தால் புகைபோலக் கலைந்து தெரியும்.

"இத்தனை வருஷத்துல மானிட்டருக்கு மந்திரிச்சு வாங்குற முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார் விற்பனையாளர்.

"மந்திரிச்சாத்தான் பேய் தெரியும். அது இருக்கட்டும், எல்லாத்துலயும் இந்தப் பொண்ணு முகம் ஏன் நீலம் பாரிச்சுக் கிடக்கு?"

"கடையில அப்படித்தாம்மா. பளிச்சுனு இருக்கணும்னு கம்பெனிக்காரனே நீலத்தைத் தூக்கி வச்சு அனுப்புறான். மேல வேற இவ்வளவு டியூப்லைட்டு. கருவி வச்சு அளந்து சரிபண்ணித் தர எங்க ஆள் வருவார், கவலைப்படாதீங்க."

நம்பத்தக்க பதில்தான். எட்டிலும் ஒரே குறை என்றால் குறை எட்டிலும் இருக்க முடியாது என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஓர் ஐபிஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்: இருபத்தேழு அங்குலம், துடிக்காத எல்இடி பின்விளக்கு. பிப்ரவரி 19 அன்று அது மேசைக்கு வந்தது. கடை ஆள் வட்டமான கருவியைத் திரையில் தொங்கவிட்டு அளந்து, நிறம் சரியென்று ஒரு தாளும் கொடுத்தார். பழையது அன்று மாலையே பழைய சாமான்காரர் வண்டியில் ஏறிப் போயிற்று.

அந்த ஆண்டின் 184 முகங்களையும் புதிய திரையில் திருத்தினார். தலைவலி இல்லை. இமையின் ஓரத்து இளஞ்சிவப்புகூடத் தெரிந்தது. அவ்வளவு நிறைவாக அவர் எந்த வேலையையும் செய்ததில்லை.

மார்ச் 18, திங்கள். மாதிரிக்காக அச்சிட்ட மூன்று தாள்களைப் பள்ளியில் காட்டிவிட்டு வந்த முதலாளி, அவற்றை மேசைமேல் போட்டார். ஒன்பதாவது முகம் வரை பார்வைக்கு ஒழுங்காகவே பட்டது. பத்தாவது முகம் மூன்று தாளிலும் மஞ்சள்.

"தலைமையாசிரியை என்ன கேட்டாங்க தெரியுமா? 'போன வருஷம் வரைக்கும் நல்லாயிருந்த பிள்ளைங்களுக்கெல்லாம் பத்தாவதுல மஞ்சக்காமாலை வந்துடுச்சா'ன்னு கேட்டாங்க. அவங்க சிரிச்சாங்க. என்னால சிரிக்க முடியலை."

"திரையில சரியா இருக்கு சார். நீங்களே பாருங்க."

"திரையையா பிள்ளைங்க வீட்டுக்குக் கொடுக்கப் போறோம்? வெள்ளிக்கிழமை கொடுக்கணும்மா. சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் காலை ஸ்டூடியோ திறக்கும் முன்பே அச்சகத்துக்குப் போனார் கலர் அக்கா. இத்தனை ஆண்டுகளில் அங்கே அவர் போனது மொத்தம் இரண்டு முறை. கோப்புகள் கம்பி வழியே போகும், தாள்கள் பையில் வரும். அச்சு இயந்திரத்தை ஓட்டுகிற பிரிண்ட் அண்ணனோடு பேச்செல்லாம் தொலைபேசியில்தான்.

"வாங்க தங்கச்சி, அதிசயமா இருக்கு!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் அவர்.

கலர் அக்கா உட்காரவில்லை. இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டையில் அவர் பார்வை நின்றுவிட்டது. நாற்பது ஸ்டூடியோக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பல பெயர்களுக்கு எதிரில் பூஜ்யம். அவர்கள் ஸ்டூடியோவுக்கு எதிரில் மட்டும் அடித்து அடித்து எழுதியிருந்தது: 2014 – மஞ்சள் 1. 2016 – 2. 2018 – 4. 2021 – 5. 2023 – 7.

"அண்ணே, இது என்னது?"

பிரிண்ட் அண்ணன் கழுத்தைத் தடவினார். "அது வந்து... உங்க படம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நீலமா வர ஆரம்பிச்சுது. நான் இங்க மஞ்சளை ஏத்தி சரிபண்ணிக்கிட்டேன்."

"பத்து வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க கண்ணைப் பத்தி ஊரே பேசுது. மிஷின் ஓட்டுறவன் நான் போயி 'உங்க கலர் தப்பு'ன்னு எந்த வாயால சொல்றது தங்கச்சி?"

கலர் அக்கா இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தார். விளக்கு பழுத்துக்கொண்டே போயிருக்கிறது. பழுத்த திரையில் முகம் மஞ்சளாகத் தெரிய, அவர் நீலத்தைக் கூட்டியிருக்கிறார். பிரிண்ட் அண்ணன் மஞ்சளைக் கூட்டியிருக்கிறார். தாளில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. கடையில் எட்டுத் திரைகளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

"இன்னையிலேருந்து பூஜ்யம் வச்சிடுங்க."

"வச்சிடலாம். புது முகம் சரியா வரும். பழைய ஒன்பதும் நீலமா வரும். ஒரு தாளுக்கு ஒரு எண்தான் மிஷின் எடுத்துக்கும்."

"ஏழு வச்சா முதல் ரெண்டு மூணு முகமும் மஞ்சளாத்தானே வரணும்?"

"வருதே. பழைய போட்டோன்னா மஞ்சளாத்தான் இருக்கும்னு அவங்களே நினைச்சுக்கறாங்க. அழகா இருக்குன்னு வேற சொல்றாங்க!"

அவருடைய சிரிப்பு பாதியிலேயே நின்றது. கலர் அக்கா நோட்டைத் திறந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய முகங்கள் 1,656. முகத்துக்கு நான்கு நிமிடம் என்றால் 110 மணி, 24 நிமிடம். கையில் மூன்று நாள். ஒரே எண்ணைக் கொடுத்து மொத்தமாகத் திருத்தவும் வழியில்லை. குழல்விளக்கு காலையில் ஒரு நிறம், சூடேறிய பின் ஒரு நிறம் காட்டியிருக்கும், அவரும் அதற்கேற்றபடிதான் ஒவ்வொரு முகத்தையும் திருத்தியிருப்பார்.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் முதலாளியிடம் போனார்.

"சார், புதுசு சரிதான். பழைய மானிட்டர்தான் தப்பு."

முதலாளி கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "பழசுல ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லையேம்மா."

"அது... பிரிண்ட்ல..."

"அப்ப பத்து வருஷமா உங்க கண்ணு தப்புன்னு சொல்றீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் வேலை இன்றே போகும். இல்லை என்று சொன்னால் வெள்ளிக்கிழமை போகும். "நான் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்கு வந்தார்.

சென்ற ஆண்டு நன்றாக வந்த ஒரு தாளை எடுத்து மேசை விளக்கின் கீழ் வைத்தார். அதிலிருந்த பத்தாவது முகத்தின் கோப்பைத் திரையில் திறந்தார். திரையில் முகம் நீலம். தாளில் முகம் உயிரோடு இருந்தது. முப்பத்தேழு நாள்கள் படித்துத் தேர்ந்தெடுத்து, கருவி வைத்து அளந்த திரையின் அடிப்பொத்தானை அழுத்தி, நிறம் மாற்றும் பட்டியலைத் திறந்தார். நீலத்தை ஒவ்வொரு புள்ளியாக இறக்கினார், பச்சையையும் கொஞ்சம். தாளைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், இன்னொரு புள்ளி இறக்குவார். வெள்ளைக் காலர் முதலில் பழுத்தது. பிறகு இமையோரத்து இளஞ்சிவப்பு மறைந்தது. தாளும் திரையும் ஒன்றானபோது நிறுத்தினார்.

அதன்பின் 184 முகங்களையும் முதலிலிருந்து திறந்து, பழையபடி திருத்தினார். பன்னிரண்டு மணி, பதினாறு நிமிடம். வெள்ளிக்கிழமை தாள்கள் பள்ளிக்குப் போயின. பத்து முகமும் நன்றாக இருப்பதாகத் தலைமையாசிரியை தொலைபேசியில் சொன்னார். "அப்படி வாங்க வழிக்கு! எல்லாம் கை பழகணும், அவ்வளவுதான்" என்றார் முதலாளி.

கடை ஆள் கொடுத்த தாளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, அதன் கீழ் கலர் அக்கா எழுதி வைத்த திரையின் எண்கள்:

சிவப்பு 100. பச்சை 94. நீலம் 73.