முகப்புப் பக்கத்தில் ஒரு சூரியோதயம்

2007இல் கோட்டாற்றில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். நான் செய்த முதல் தளம். அதனால் எனக்குத் தெரிந்த அத்தனை வித்தையையும் அதில் இறக்கினேன். திறந்ததும் கடலில் சூரியன் உதிக்கும். வானத்திலிருந்து வாழைக்குலை ஒன்று இறங்கி, சுழன்று, சிப்ஸாக உதிரும். பின்னணியில் நாதஸ்வரம். எல்லாம் முடிந்தபின் ‘உள்ளே வருக’ என்று ஒரு பொத்தான் வரும். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்கு மாதமாக ஒரு போன்கூட வரவில்லை.

பிறகு, குவைத்திலிருந்து லீவில் வந்த தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். “தங்கச்சி கல்யாணத்துக்கு சிப்ஸ் உங்ககிட்டதான் சொல்லணும்னு நெனச்சேன் அண்ணாச்சி. உங்க சைட்டுல நம்பர் தேடினா சூரியன் பாதிதான் வருது, அப்பிடியே நிக்குது. வேற கடையில சொல்லிட்டேன்.” அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அண்ணாச்சியும் அவர் மனைவியும் என் அறைக்கு வந்தார்கள். அந்த அக்கா தளத்தை அதுவரை பார்த்ததில்லை. மடியில் கை வைத்துப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சூரியன் உதித்தது. குலை இறங்கியது.

“எப்பம் தொடங்கும் தம்பி?”

“தொடங்கியாச்சு அக்கா.”

“அப்பம் போன் நம்பர் எங்க?”

‘உள்ளே வருக’வை அழுத்தி, ‘எங்களைப் பற்றி’க்குள் போய், அங்கிருந்த தொலைபேசிப் படத்தை அழுத்திக் காட்டினேன். டாக்டர் பத்தியம் சொல்வதைக் கேட்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“கடை போர்டுல மேலயே எழுதியிருக்கு. அதுபோல எழுதினா ஆகாதா?”

பார்ப்பவரின் அனுபவம் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன்.

“சரி தம்பி. நம்பரை எங்க போடுவீங்க?”

இரண்டு நாள் அந்தச் சூரியனையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தில் எழுதினேன்: என்னென்ன கிடைக்கும், என்றைக்கு வறுப்பார்கள், நம்பர். வெட்கமாக இருந்ததால் கீழே என் பெயரைப் போடவில்லை.

அந்த வாரமே துபாயிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, பலாச்சுளை சிப்ஸ் உண்டா என்று கேட்டார். அதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் அக்கா. சேர்த்தேன். அதன்பிறகு போன் வந்துகொண்டே இருந்தது.

அடுத்ததாக ஒரு லாட்ஜ் முதலாளி தளம் செய்து தரச் சொல்லி வந்தார். போன் செய்கிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று அவரிடம் விசாரித்தேன்.

“ரூம் உண்டான்னு கேப்பாங்க.”

“அப்படீன்னா அதையே மேல போட்டுடலாம்” என்றேன்.

வேலை தெரிந்த ஆள் யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.